தடமும் தெருவும்: சென்னைக்கு வேலைக்கு வருவோரின் வாடகைக் கணக்கு

சென்னையில் வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வருகிறவர் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வாடகை குறைவு?" என்பதுதான். பதிலும் கையோடு வந்துவிடும். ஆபீஸ் துரைப்பாக்கமா, மேடவாக்கம் பார். கிண்டியா, ஆதம்பாக்கம் பார். அம்பத்தூரா, கொரட்டூர் பார். ஸ்ரீபெரும்புதூரா, பூந்தமல்லி பார். கேட்பவரிடமும் குற்றமில்லை, சொல்பவரிடமும் குற்றமில்லை. பிசகு இருப்பது அளவுகோலில். வேலைக்கும் பயணத்துக்கும் ஏரியா என்பது மிகச் சின்ன அளவு. தண்ணீர், வெள்ளம், வீட்டுக்காரரின் குணம் ஆகியவற்றுக்கோ மிகப் பெரிய அளவு. முதல் வகைக்கு ஒரு ரயில் தடத்தையோ பஸ் தடத்தையோ முழுசாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்குத் தெருவரை, சில சமயம் தெருவின் எந்த முனை என்பதுவரை, இறங்கிப் பார்க்க வேண்டும். இடையிலுள்ள ஏரியாப் பெயர் புரோக்கருக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுகிற அளவுக்கு வாடகைக்கு வருகிறவருக்குப் பயன்படுவதில்லை.

வாடகையும் தூரமும் ஒன்றுக்கொன்று எதிராக நகர்வதை நகரப் பொருளியல் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. வில்லியம் அலோன்சோ 1964இல் வகுத்த மாதிரி, வேலை குவிந்திருக்கும் மையத்திலிருந்து விலக விலக நில வாடகை சரியும், அந்தச் சரிவைப் பயணச் செலவு ஈடுகட்டும் என்கிறது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளியது: வாடகையைத் தனியாகப் பார்க்காதே, பயணத்தோடு சேர்த்துப் பார். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று நம் ஊர்ப் பத்திரிகைகளும் ஓதும் விதி, அமெரிக்க அரசுக் குடியிருப்புகளுக்காகப் போடப்பட்ட வரம்பிலிருந்து வந்தது. 1969இல் அது 25 விழுக்காடாக இருந்து, 1981இல் 30 ஆனது. வாடகையை மட்டும் பார்ப்பது போதாது என்று சிகாகோ ஆய்வு மையம் ஒன்று பின்னர் வீட்டையும் பயணத்தையும் சேர்த்து 45 விழுக்காடு என்ற வரம்பை முன்வைத்தது. இந்தத் திருத்தம் சரியானது. ஆனால் சென்னைக்கு அதுவும் குறைபட்டதே. இங்கே வாடகைக்கு மேல் ஏறும் செலவுகள் வேறு.

முதலில் அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்த நகரத்தின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கிவரும் வீட்டுக்காரர்கள் உண்டு. பழையபடியே கேட்பவர்களும் குறைவில்லை. மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,50,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்குகிறது. ஏழு விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 10,500, அதாவது மாதம் 875 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகை. கடன் வாங்கிக் கட்டியவருக்கு இது இரட்டிப்பாகும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். பதினொரு மாதத்தில் காலி செய்தால் அது மாதம் 1,360 ரூபாய்க்கு மேல். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும் வழக்கத்தையும், சாமான் ஏற்றும் வண்டியையும் சேர்த்தால், ஒவ்வொரு முறை வீடு மாறுவதும் இரண்டு மாத வாடகையை விழுங்கிவிடும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்ற கதவையும் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாதம் இன்றும் உள்ளே வருகிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பதினொரு மாத ஒப்பந்தமே போதும் என்ற பழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்தது. புதிய சட்டத்தின் முன் அந்தத் தந்திரத்துக்கு வேலையில்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது: இங்கே விலை கூடியது வாடகை மட்டுமல்ல, மாறுவதும்தான். அப்படியானால் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு எடுப்பது ஒரே வேலையின் மேல் வைக்கும் பந்தயம் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு கார் தயாரிப்பு 2022இல் நின்றது. மென்பொருள் நிறுவனங்களில் ஆலையே மூட வேண்டிய அவசியமில்லை. புராஜெக்ட் மாறினால் போதும், தரமணியில் இருந்தவர் சிறுசேரிக்கோ போரூருக்கோ போக வேண்டியிருக்கும். ஆள் இடம் பெயராமல் வேலை மட்டும் இடம் பெயர்ந்தால் யாருக்கு நஷ்டம் குறைவு? பல வேலையிடங்களைத் தொடும் தடத்தில் குடியிருப்பவருக்கு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்ரயில் பாதையைப் பாருங்கள். கிண்டியில் தொழிற்பேட்டை, அங்கேயே மெட்ரோவுக்கும் மாறலாம். தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம். அதற்கும் தெற்கே மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில், பரனூரில் மகிந்திரா நகரம். வடக்கே போனால் எழும்பூர், பூங்கா, அங்கிருந்து சென்ட்ரல். இந்தப் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மாம்பலமும் சைதாப்பேட்டையும் பிறகு குரோம்பேட்டையும் குமாஸ்தாக்களின் ஊர்களாக வளர்ந்ததில் அந்த ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. மாத சீசன் டிக்கெட் இன்றும் சில நூறு ரூபாய்தான். குரோம்பேட்டையில் வீடு எடுத்தவருக்கு வேலை கிண்டியிலிருந்து மகிந்திரா நகருக்கு மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. ரயில் ஏறும் நடைமேடைதான் மாறும். கணவனும் மனைவியும் வேறு வேறு திசையில் வேலை செய்யும் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒருவர் ஆபீஸுக்குப் பக்கம் என்பது அங்கே மற்றவர் ஆபீஸுக்குத் தூரம் என்றே பொருள்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, நேரத்துக்கு விலையில்லையா என்பது. நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு வீடு 18,000 ரூபாய், ரயில் தடத்தில் அதே அளவு வீடு 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 5,000. போக ஒரு 40 நிமிடம், வர ஒரு 40 நிமிடம் கூடுதல். மாதம் 22 வேலைநாளுக்கு 29 மணி நேரத்துக்குச் சற்று மேல். கூடுதல் பயணச் செலவு 800 ரூபாய். மாதம் 40,000 சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர வேலையின் மதிப்பு சுமார் 227 ரூபாய். பயண நேரத்தையும் அதே விலைக்கு மதித்தால் தூரத்து வீட்டின் செலவு 7,400 ரூபாயைத் தாண்டும். பக்கத்து வீடே லாபம். போக்குவரத்துத் திட்டங்களில் வழக்கமாகச் செய்வதுபோல் பாதிக் கூலிக்கு மதித்தால் 4,100 ரூபாய்தான். தூரத்து வீடு லாபம். ஆக, முடிவு ஊசலாடுவது வாடகையில் இல்லை, அந்த 29 மணி நேரத்துக்கு நாம் போடும் விலையில். அந்த விலை பயணத்தின் வகையைப் பொறுத்தது. தாம்பரத்தில் கிளம்பும் வண்டியில் உட்கார இடம் பிடித்துப் படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ போகும் 40 நிமிடமும், ரேடியல் ரோட்டில் லாரிக்கு நடுவே டூ வீலரில் போகும் 40 நிமிடமும் ஒன்றாகா. முதலாவதை அரைவிலைக்கு மதிக்கலாம். இரண்டாவதை முழு விலைக்கு மதித்தாலும் குறைவே.

இந்த மறுப்புக்கு இன்னும் ஆழமான வடிவம் ஒன்று உண்டு. அலோன்சோவின் மாதிரிப்படி நீண்ட பயணம் செய்பவர்கள் குறைந்த வாடகையாலோ கூடிய சம்பளத்தாலோ ஈடு பெற வேண்டும். மனநிறைவில் யாருக்கும் குறைவு இருக்கக் கூடாது. அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரையும் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி ஈடாகவில்லை என்று காட்டியது. நெடும்பயணம் செய்பவர்கள் வாழ்க்கையில் குறைந்த நிறைவையே சொன்னார்கள். வீடு தேர்ந்தெடுக்கும் நாளில் வாடகை கண்ணுக்குத் தெரிகிறது, தினசரி அலுப்பு தெரிவதில்லை. இந்த எச்சரிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதனால் தடம் என்று சொல்லும்போது தடத்தின் கடைக்கோடியை நான் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை, காத்திருக்கும் நேரமும் நடக்கும் நேரமும் சேர்த்து, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் அந்த வீட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சிங்கபெருமாள் கோவிலில் வீடு எடுத்துக்கொண்டு நுங்கம்பாக்கத்துக்குப் போகிறவர் மிச்சம் பிடிக்கும் பணத்தை வேறு விதத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மறுப்பு ஓ.எம்.ஆர். தகவல் தொழில்நுட்ப வேலைகள் குவிந்திருக்கும் ராஜீவ் காந்தி சாலையை மின்ரயில் தொடுவதில்லையே? உண்மை. 2000இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து அந்தச் சாலை வளர்ந்த வேகத்துக்கு ரயில் வளரவில்லை. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலைவரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரை இணைக்கும் வேலை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. தரமணி, பெருங்குடிவரை வேலை என்றால் பறக்கும் ரயில் தடமே போதும். மயிலாப்பூர், மந்தைவெளியின் உள்தெருக்களில் பழைய வீட்டு மாடிகள் எதிர்பார்ப்பதைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு, லிஃப்டும் கார் நிறுத்த இடமும் கேட்காதவருக்கு. சோழிங்கநல்லூருக்குத் தெற்கே வேலை என்றால் என் வாதம் தளர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே கம்பெனி வண்டியின் வழித்தடமே உங்கள் தடம். அது எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே வீடு பார்க்க வேண்டும். இரவு ஷிப்டுக்கு வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும் கேப் உண்டென்றால் கணக்கு மறுபடி மாறும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கும் இதே விதி: ஷிப்டு பஸ் போகும் ஊர்கள்தாம் அங்கே ஏரியா.

தடம் என்று பார்க்கத் தொடங்கினால் ஒரு பழைய தப்பெண்ணத்தின் விலையும் தெரியவரும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வடசென்னையை யாரும் சொல்வதில்லை. சினிமா வரைந்த படமும், தென்சென்னைக்காரரின் முகச்சுளிப்பும் சேர்ந்து பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் ஆகியவற்றை எண்ணத்திலேயே வரவிடாமல் செய்கின்றன. அந்தத் தயக்கம் வாடகையில் தள்ளுபடியாக இறங்கியிருக்கிறது. ஆனால் இவை பழைய மாநகராட்சிப் பகுதிகள். குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் இங்கே எப்போதோ வந்துவிட்டன. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கத்தில் பல தெருக்கள் அதன் பிறகும் நெடுநாள் லாரித் தண்ணீரையும் செப்டிக் டேங்க் வண்டியையும் நம்பியிருந்தன. அதாவது வாடகை கூடிய புதுச் சென்னையைவிட வாடகை குறைந்த பழைய சென்னையில் அடிப்படை வசதி முந்தியே வந்திருக்கிறது. பெரம்பூரிலிருந்து அரக்கோணம் பாதையில் அம்பத்தூரும் ஆவடியும் ரயிலில் பக்கம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் பெரம்பூர், அயனாவரம் வழியாகவே போகிறது. வடசென்னை மாசுபட்டது என்பார்கள். மணலி, எண்ணூரைப் பற்றி அது மெய்தான். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணூரின் காற்றைச் சொல்லி அயனாவரத்தைத் தள்ளுவது, முடிச்சூர் வெள்ளத்தைச் சொல்லித் தாம்பரம் முழுவதையும் தள்ளுவதற்குச் சமம்.

இங்கேதான் தெரு வருகிறது. வாடகை வீடு தேடும் பருவம் பள்ளிக்கூடக் கணக்கில் ஏப்ரல், மே, ஜூன். வெள்ளம் வருவதோ நவம்பர், டிசம்பரில். காய்ந்து கிடக்கும் தெருவைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ரயில் பாதைக்குக் கிழக்கே மேட்டுத் தெருக்களில் இருந்தவர்களுக்கு மின்வெட்டும் பால் தட்டுப்பாடும்தான். தாம்பரம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு அனுபவம். வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனியும் ராம் நகரும் ஒவ்வொரு பெருமழையிலும் செய்தியில் வரும். அதே வேளச்சேரியில் தண்ணீர் நிற்காத தெருக்களும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி அதற்குள் மனைகளாகவும் சாலைகளாகவும் ஆகிவிட்டிருந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. வடக்கிலும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூடினால் பெரம்பூர்ப் பக்கம் சுற்றித்தான் போக வேண்டும்.

தெருவை வாசிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. வாசற்படியில் ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்ட் திட்டு கட்டியிருந்தால் அது அழகுக்குக் கட்டியதில்லை. மின்மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றப்பட்டிருப்பதும், பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து கிடப்பதும் அப்படியே. வீட்டுக்காரரிடம் வெள்ளம் வருமா என்று கேட்பதில் பயனில்லை, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், "2015இல் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார். தண்ணீர் விஷயத்தில் மூன்று கேள்வி: மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, லாரி வாங்கினால் அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடங்கியதா தனியா. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை நினைத்தால் மூன்றாவது கேள்வியின் எடை புரியும். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு இருக்கிறது; என் ரயில் தடத்துக்கே அது ஒரு கரும்புள்ளி. அங்கே குழாய்த் தண்ணீர் வராத தெருவை விட்டுவிட வேண்டும். மின்சாரத்துக்கு ஒரே கேள்வி: தனி மீட்டரா? வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஒரே மீட்டரை மூன்று போர்ஷனுக்குப் பிரித்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலித்தால் இலவசமும் இல்லை, கீழ்ப்படி விலையும் இல்லை.

வெளியூர்க்காரருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தெரியாது, அதனால்தான் முதல் மாதத்திலேயே பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு மாதம் மேன்ஷனிலோ பி.ஜி.யிலோ தங்குவது வீண்செலவாகத் தெரியும். மேலே போட்ட கணக்குப்படி, தப்பான வீட்டிலிருந்து மாறுவதற்கு ஆகும் இரண்டு மாத வாடகையைவிட அது குறைவு. குடும்பத்தோடு வருகிறவருக்கு இது எளிதில்லை; முதலில் ஒருவர் மட்டும் வந்து பார்ப்பதுதான் வழி.

ஆனால் இந்த வாதம் முழுவதும் ஒன்றை எடுத்துக்கொண்டே நடக்கிறது: வந்தவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது என்பதை. பலருக்கு அது இல்லை. "பேச்சுலர் வேண்டாம்", "சைவம் மட்டும்" என்ற பலகைகள் வெளிப்படையாகவே தொங்குகின்றன. சொல்லாமல் விடப்படும் சாதியும் மதமும் பெயரைக் கேட்டதும் வேலை செய்கின்றன. டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியோடு வீடு கேட்டவர்களில் தலித்துகளும் இஸ்லாமியரும் மறுக்கப்பட்டதையும், கிடைத்தாலும் கூடுதல் நிபந்தனைகளோடு கிடைத்ததையும் பதிவு செய்தது. சென்னையில் வீடு தேடிய எவரும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். மறுக்கப்படுகிறவர் நல்ல தடத்தின் நல்ல தெருவை இழந்து, எஞ்சிய இடத்துக்குக் கூடுதல் வாடகையோ கூடுதல் அட்வான்ஸோ கொடுக்கிறார். அவருக்குப் பக்கத்துத் தெரு என்ற ஒப்பீடே பொருளற்றுப் போகிறது. 2019இன் வாடகைச் சட்டம் பணத் தகராறுக்கு வழி சொல்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பற்றிப் பேசவில்லை.

தனியாக வரும் பெண்களுக்குக் கணக்கு இன்னொரு மாதிரி. 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணமில்லை. எனவே அந்த பஸ் அடிக்கடி வரும் சாலையில் வீடு எடுப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் பத்து நிமிடம் எப்படிப்பட்ட பத்து நிமிடம் என்பதும் வாடகையின் ஒரு பகுதிதான். அரசு தோழி என்ற பெயரில் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் பணிபுரியும் மகளிர் விடுதிகளை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளிகளான பெண்கள் 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்று நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகு, வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய வேலைதான். ஆலை வளாகத்தை நம்பிய குடியிருப்பு என்பதால் நோக்கியா எழுப்பிய கேள்வி அதையும் தொடர்கிறது: ஆலை போனாலோ, கல்யாணமாகிக் குடும்பம் என்று ஆனாலோ அந்தப் பெண்கள் மறுபடி புரோக்கரிடம்தான் வர வேண்டும். பத்து மாத அட்வான்ஸோடு.